தண்ணீரில் பாதரசம் இருப்பதை ஒளிரும் நானோ துகள் எப்படிக் காட்டிக்கொடுக்கிறது?

தண்ணீரில் சேறு கலந்தால் கண்ணுக்குத் தெரியும், சாக்கடை கலந்தால் மூக்குக்குத் தெரியும். பாதரசமோ ஈயமோ ஆபத்தான அளவுக்குக் கலந்திருந்தாலும் எதுவும் தெரியாது. நிறம் மாறாது, நாற்றம் வராது, ருசியிலும் வித்தியாசம் இருக்காது. இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500 ஒரு லிட்டரில் பாதரசம் 0.001 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. ஈயத்துக்கு 0.01, காட்மியத்துக்கு 0.003. மொட்டை மாடியில் நிற்கும் 1000 லிட்டர் தொட்டியைப் பாதரச வரம்பின் விளிம்புக்குக் கொண்டுவர ஒரே ஒரு மில்லிகிராம் போதும் என்று கணக்குப் போட்டால் எவ்வளவு சொற்பம் என்று புரியும்.

இவ்வளவு சொற்பத்தை இப்போது எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அமிலத்தில் கழுவிய பாட்டிலில் தண்ணீரைப் பிடித்து, உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நைட்ரிக் அமிலம் கொஞ்சம் விட்டு, ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஐசிபி-எம்எஸ் என்ற கருவி தண்ணீரை ஆயிரக்கணக்கான டிகிரி சூட்டில் தகிக்கும் ஆர்கான் பிளாஸ்மா என்ற மின்னேறிய வாயுவுக்குள் தெளித்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு தனிமத்தையும் எடை பிரித்து எண்ணுகிறது. துல்லியத்தில் குறை சொல்லவே முடியாது. ஆனால் அந்தக் கருவியை ஒரு கிராமத்துக் கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதை வாங்கவும், ஆர்கான் வாயு நிரப்பவும், இயக்கத் தெரிந்த ஆளை வைக்கவும் ஆகும் செலவு தனி.

அதனால்தான், கிணற்றடியிலேயே சில நிமிடங்களில் ‘இருக்கிறது, இல்லை’ என்று சொல்ல ஏதாவது கிடைக்குமா என்ற தேடல். அந்தத் தேடலில் கடந்த இருபது ஆண்டுகளாக அதிகம் அடிபடும் பெயர் ஒளிரும் நானோ துகள்கள். விஷயம் சுருக்கமாக இதுதான்: புற ஊதா விளக்கின் கீழ் பளிச்சென்று ஒளிரும் ஒரு கரைசலில் சோதிக்க வேண்டிய தண்ணீரை விடுகிறார்கள். உலோகம் இருந்தால் ஒளி மங்குகிறது. எவ்வளவு மங்கியது என்று அளந்தால் எவ்வளவு உலோகம் என்று தெரிந்துவிடும்.

கேட்க எளிமையாக இருக்கிறது இல்லையா? ஒளி மங்குவது உண்மையிலேயே எளிதான பகுதிதான். மங்க வைத்தது யார் என்று கண்டுபிடிப்பதில்தான் இந்தத் துறையின் பாதி உழைப்பு போகிறது.

ஒளிர்வு: வீட்டிலேயே பார்க்கலாம்

கடைக்காரர் 500 ரூபாய் நோட்டை நீல விளக்கின் கீழ் பிடித்துப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். நோட்டின் வரிசை எண் ஒளிரும். அந்த மை கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கிக்கொள்கிறது, அதில் கொஞ்சம் ஆற்றலை வெப்பமாக இழக்கிறது, மீதியைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பித் தருகிறது. இதற்குத்தான் ஒளிர்வு அல்லது ஃப்ளோரசன்ஸ் என்று பெயர். வாங்கியதைவிடத் திருப்பித் தரும் ஒளியின் ஆற்றல் குறைவு என்பதால் அலைநீளம் கூடுகிறது, நிறம் மாறுகிறது. ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1852-ல் இதை விளக்கிப் பெயரும் வைத்தார். அவர் கையில் இருந்த முக்கியமான பொருள்களில் ஒன்று மலேரியா மருந்தான குயினைன்.

குயினைன் இன்றும் டானிக் வாட்டரில் இருக்கிறது. நோட்டு சோதிக்கும் சின்னப் புற ஊதா டார்ச் ஒன்று கிடைத்தால் இருட்டில் ஒரு டம்ளர் டானிக் வாட்டர் மேல் அடித்துப் பாருங்கள். (டார்ச்சைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்க வேண்டாம்.) நீலமாக ஒளிரும். இப்போது அதில் ஒரு கரண்டி சாப்பாட்டு உப்பைப் போட்டுக் கலக்குங்கள். நீலம் மங்கிவிடும். இன்னொரு டம்ளரில் உப்புக்குப் பதில் சர்க்கரை போட்டால் அப்படியேதான் இருக்கும்.

உப்பில் இருக்கும் குளோரைடு அயனி செய்த வேலை அது. புற ஊதா ஒளியை வாங்கிக் கிளர்ந்த குயினைன் மூலக்கூறு, ஒளியைத் திருப்பித் தருவதற்கு முன் சில நானோ நொடிகள் அந்த நிலையிலேயே இருக்கும். அந்த இடைவெளியில் ஒரு குளோரைடு அயனி வந்து மோதினால் ஆற்றல் வெப்பமாகக் கரைந்துபோகும், ஒளி வராது. குளோரைடு அதிகமானால் மோதல் அதிகம், ஒளி குறைவு. ஒளிர்வைக் கொண்டு தண்ணீரில் இருப்பதை அளப்பது என்பதன் முழுத் தத்துவமும் இந்த ஒரு டம்ளரில் இருக்கிறது. அதன் பிரச்சினையும் இதிலேயே இருக்கிறது: குளோரைடு உலோகமே கிடையாது, ஆனால் ஒளியை அணைத்துவிட்டது.

ஏன் நானோ?

சாதாரணச் சாயங்களே ஒளிரும்போது நானோ துகள் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பல சாயங்கள் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுத்துப்போகும். நானோ துகள்களில் நல்லவை அதைவிட நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும். தவிர, சில நானோமீட்டர் அளவுள்ள துகளில் அணுக்களில் பெரும்பங்கு மேற்பரப்பிலேயே இருக்கும். மேற்பரப்பில் நமக்கு வேண்டிய வேதிக் குழுக்களைப் பொருத்தி, குறிப்பிட்ட உலோகம் வந்து ஒட்டுவதற்கென்றே இடம் செய்து வைக்கலாம். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இந்தக் குடும்பத்தில் பிரபலமானவை குவாண்டம் புள்ளிகள். ஒரே பொருளில் செய்த துகள் சிறிதாக இருந்தால் நீலமாகவும் பெரிதாக இருந்தால் சிவப்பாகவும் ஒளிரும். இவற்றைக் கண்டறிந்து உருவாக்கியதற்காகத்தான் மௌங்கி பவெண்டி, லூயிஸ் புரூஸ், அலெக்ஸி எகிமோவ் மூவருக்கும் 2023-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அருமையாக ஒளிரும் பழைய வகைக் குவாண்டம் புள்ளிகள் காட்மியம் செலினைடால் ஆனவை. குடிநீரில் நச்சு உலோகம் இருக்கிறதா என்று பார்க்கக் காட்மியத்தையே கையில் எடுத்துக்கொண்டு போவது எனக்கு எப்போதும் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் படுகிறது.

அந்த இடத்தை இப்போது பெருமளவு பிடித்திருப்பது கார்பன் டாட்கள். 2004-ல் அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் கார்பன் நானோ குழாய்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, கழிவாகப் பிரிந்த பகுதி ஒளிர்வதைத் தற்செயலாகக் கவனித்தார்கள். தேடிப் போனது ஒன்று, கிடைத்தது இன்னொன்று. பத்து நானோமீட்டருக்கும் குறைவான கார்பன் துகள்கள் அவை. நச்சு குறைவு, தண்ணீரில் கரையும், விலை மலிவு.

செய்வதும் சமையல் மாதிரிதான். 2013-ல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்டுப் புகழ்பெற்ற ஒரு முறையைப் பாருங்கள். எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலத்தையும் எத்திலீன்டையமின் என்ற திரவத்தையும் தண்ணீரில் கரைத்து, டெஃப்லான் உறை போட்ட எஃகுப் பாத்திரத்தில் இறுக்கி மூடி, அடுப்பில் 150 முதல் 300 டிகிரி வரை சில மணி நேரம் வைக்கிறார்கள். ஆறியதும் திறந்தால் பழுப்பு நிறக் கரைசல், பார்க்க ஒன்றுமே இல்லை. அதை நிறைய நீர்த்துப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் ஜொலிக்கும் நீலம். உள்ளே போகும் நூறு ஒளித் துகள்களில் (ஃபோட்டான்களில்) ஏறத்தாழ எண்பது திரும்பி வருவதாக அளந்தார்கள். இரும்பு அயனி இந்த நீலத்தை அணைக்கிறது என்பதையும் அதே கட்டுரையில் காட்டினார்கள்.

அந்தக் காலத்தை ஒட்டியே இன்னொரு அலையும் கிளம்பியது. 2012-ல் பம்பளிமாஸ் தோலிலிருந்து செய்த கார்பன் துகளால் பாதரசத்தைக் கண்டறிந்தார்கள். அதே ஆண்டு ஆரஞ்சுச் சாற்றிலிருந்தும் செய்தார்கள். அதற்குப் பிறகு எந்தக் காயை, எந்த இலையை, எந்தத் தோலை விட்டுவைத்தார்கள் என்று தேடினால்தான் கிடைக்கும். ‘பசுமைத் தயாரிப்பு’ என்று பெயர் வைத்து வரும் இவற்றில் பல எனக்குச் சலிப்பூட்டுகின்றன. பழத்துக்குப் பழம், பருவத்துக்குப் பருவம் சேர்மங்கள் மாறும்போது இன்று செய்த துகளும் அடுத்த மாதம் செய்த துகளும் ஒன்றுபோல் இருக்கும் என்று எப்படி நம்புவது? அளவுகோலே ஆடினால் அளவை என்ன செய்வது? சிட்ரிக் அமிலத்தில் செய்யும் துகள்களிலேயே, நீல ஒளியில் பெரும்பங்கு துகளிலிருந்து வரவில்லை, சமைக்கும்போது பக்கத்தில் உருவாகும் ஒரு சின்ன மூலக்கூறிலிருந்து வருகிறது என்று பின்னால் தெரியவந்தது.

உலோகம் ஒளியை எப்படி அணைக்கிறது

வழிகள் பல. முக்கியமான இரண்டை மட்டும் பார்ப்போம்.

முதல் வழி, எலக்ட்ரானைப் பறிப்பது. துகளின் மேற்பரப்பில் இருக்கும் ஆக்சிஜன், நைட்ரஜன் குழுக்களில் உலோக அயனி வந்து ஒட்டிக்கொள்கிறது. துகள் புற ஊதா ஒளியை வாங்கியதும் அதில் ஓர் எலக்ட்ரான் மேல்நிலைக்குப் போகிறது. சும்மா இருந்தால் அது கீழே இறங்கும்போது ஒளி வரும். பக்கத்தில் மும்மடி மின்னேற்றம் கொண்ட இரும்போ இருமடி மின்னேற்றம் கொண்ட செம்போ இருந்தால், அந்த எலக்ட்ரான் அங்கே தாவிவிடுகிறது. ஒளி போச்சு.

இரண்டாவது வழியில் உலோகம் துகளைத் தொடவே வேண்டாம். இதற்கு நல்ல உதாரணம் ஆறு மின்னேற்றக் குரோமியம். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் நிலத்தடி நீரைக் கெடுத்தது பலருக்குத் தெரிந்த கதை. அந்த வகைக் குரோமியம்தான் அது, புற்றுநோயைத் தரக்கூடியது. குரோமேட் கரைசல் மஞ்சளாக இருப்பதற்குக் காரணம், 370 நானோமீட்டர் பக்கம் உள்ள ஒளியை அது நன்றாக விழுங்குவது. கார்பன் டாட்களைத் தூண்ட நாம் அடிக்கும் புற ஊதா ஒளியும் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. துகளுக்குப் போய்ச் சேர வேண்டிய ஒளியை வழியிலேயே குரோமேட் குடித்துவிடுகிறது. தோல் பதனிடப் பயன்படும் மூன்று மின்னேற்றக் குரோமியம் அந்த ஒளியை அவ்வளவாகத் தொடுவதில்லை. ஆகவே நச்சு அதிகமான வகையை மட்டும் பிரித்துக் காட்டும் வசதி தானாகவே கிடைக்கிறது. ஆனால் தண்ணீரில் மஞ்சளாக வேறு எது இருந்தாலும், இலை மக்கிய சாறாக இருந்தாலும், இதே வேலையைத்தான் செய்யும்.

எண்ணாக மாற்றுவது

ஒளி குறைந்ததை வைத்து அளவைச் சொல்ல ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. ஓட்டோ ஸ்டெர்னும் மாக்ஸ் வோல்மரும் 1919-ல் தந்தது. உலோகம் இல்லாதபோது இருந்த ஒளியை, உலோகம் சேர்ந்தபின் உள்ள ஒளியால் வகுங்கள். வரும் எண்ணில் ஒன்றைக் கழித்தால், மீதி உலோகத்தின் செறிவுக்கு நேர் விகிதத்தில் இருக்கும்.

கற்பனை எண்களை வைத்துப் போட்டுப் பார்ப்போம். கருவி சுத்தமான கரைசலுக்கு 1000 காட்டுகிறது. தெரிந்த அளவாக 10 நானோமோலார் (ஒரு லிட்டரில் எத்தனை அணுக்கள் என்பதை வைத்துச் செறிவைச் சொல்லும் அலகு) பாதரசம் விட்டதும் 800 ஆகிறது. 1000-ஐ 800-ஆல் வகுத்தால் 1.25. ஒன்றைக் கழித்தால் 0.25. அதாவது ஒரு நானோமோலாருக்கு 0.025. சரி, இப்போது கிணற்றுத் தண்ணீரை விட்டால் கருவி 870 என்கிறது. வகுத்தால் 1.149, கழித்தால் 0.149, அதை 0.025-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 6 நானோமோலார். பாதரசத்தின் அணு எடை 200.6 என்பதால் அது லிட்டருக்கு 1.2 மைக்ரோகிராம், அதாவது 0.0012 மில்லிகிராம். வரம்பு 0.001. தண்ணீர் தேறவில்லை.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது 870 என்ற எண்தான். வரம்பைத் தாண்டிய தண்ணீர் ஒளியை வெறும் 13 சதவீதம் மட்டுமே குறைத்திருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்கூடக் கண்ணால் அதைப் பிரித்துச் சொல்வது சிரமம். புற ஊதா விளக்கின் கீழ் ஒரு பாட்டில் நீலமாகவும் அடுத்தது கறுப்பாகவும் இருக்கும் படத்தைச் செய்திகளில் போடுவார்கள். அந்தக் கறுப்பு பாட்டிலில் பெரும்பாலும் வரம்பைவிடப் பல மடங்கு உலோகம் இருக்கும்.

கருவியின் ஆட்டத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். வெறும் கரைசலையே திரும்பத் திரும்ப அளந்தால் 1000, 992, 1009 என்று ஆடும். அந்த ஆட்டத்தின் திட்ட விலக்கத்தை மூன்றால் பெருக்கி, நம் சூத்திரத்தின் சாய்வால் (மேலே வந்த 0.025) வகுத்தால் கிடைப்பதே கண்டறிதல் எல்லை, அதாவது கருவி நம்பிக்கையோடு கண்டுபிடிக்கக்கூடிய மிகக் குறைந்த அளவு. மேலே உள்ள கணக்கில் ஆட்டம் 1000-க்கு 10 அலகு, அதாவது 0.01 பங்கு என்றால் எல்லை 1.2 நானோமோலார், நல்லது. ஆட்டம் 40 ஆகிவிட்டால் எல்லை 4.8. பாதரச வரம்பே 5 நானோமோலார்தான். அப்படிப்பட்ட கருவி அந்த வேலைக்கு உதவாது.

அணைத்தது யார்?

சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2009-ல் ஒரு அழகான துகளைச் செய்தார்கள். மாட்டு ரத்தத்தில் இருக்கும் அல்புமின் புரதத்தோடு தங்க உப்பைக் கலந்து, கொஞ்சம் காரம் சேர்த்து, 37 டிகிரியில், அதாவது நம் உடம்புச் சூட்டில், ஓர் இரவு வைத்தார்கள். புரதத்துக்குள்ளேயே ஏறத்தாழ 25 தங்க அணுக்கள் சேர்ந்த கொத்துகள் உருவாயின. கரைசல் அடர் பழுப்பு, புற ஊதாவில் சிவப்பு. கொத்தின் மேற்பரப்பில் உள்ள சில தங்க அணுக்கள் ஒற்றை மின்னேற்றத்தோடு இருக்கும். அவற்றிடம் 78 எலக்ட்ரான்கள். இரட்டை மின்னேற்றம் கொண்ட பாதரச அயனியிடமும் அதே 78. ஒரே மாதிரி நிரம்பிய அடுக்குகள் கொண்ட இந்த இரண்டும் ஒன்றையொன்று வலுவாக ஈர்க்கின்றன, சிவப்பு ஒளி அணைகிறது. ஈயமோ காட்மியமோ வந்தால் அந்த ஈர்ப்பு இல்லை. இங்கே யார் அணைத்தார் என்பதற்கு வேதியியலே ஒரு காரணம் தருகிறது. அதனால்தான் இந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது.

டிஎன்ஏவை வைத்தும் இதே மாதிரி ஒரு வித்தை உண்டு. டிஎன்ஏவின் எழுத்துகளில் ஒன்று தைமின். இரண்டு தைமின்களுக்கு நடுவே பாதரச அயனி கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். தைமின் நிறைந்த டிஎன்ஏ இழையைத் துகளில் கட்டிவிட்டால், பாதரசம் வந்ததும் இழை மடிந்துகொள்ளும், ஒளி மாறும்.

இவ்வளவு நல்ல காரணம் கையில் இல்லாத துகள்கள்தான் அதிகம். இரும்பும் செம்பும் கிட்டத்தட்ட எல்லாக் கார்பன் டாட்களையும் மங்க வைக்கும். அமிலத்தன்மை மாறினாலும் ஒளி மாறும். விளக்கின் பேட்டரி இறங்கினாலும் ஒளி குறையும்! இந்தக் கடைசிச் சிக்கலுக்குச் செய்யும் தீர்வு நாம் வீட்டில் செய்வதுதான். கரண்ட் போனதும் பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்ப்போம். அங்கே எரிந்தால் கோளாறு நம் வீட்டில், அங்கேயும் இருட்டென்றால் தெருவுக்கே கரண்ட் இல்லை. அதுபோல ஒரே கரைசலில் இரண்டு நிறத் துகள்களை வைக்கிறார்கள். நீலம் உலோகத்தைக் கண்டால் மங்கும், சிவப்பு எதற்கும் அசையாது. இரண்டின் விகிதத்தைப் பார்த்தால் பேட்டரி, டப்பாவின் நிழல் எல்லாம் தானாகக் கழிந்துவிடும். இன்னொரு வசதி, உலோகம் கூடக்கூட மொத்த நிறமே ஊதாவிலிருந்து சிவப்புக்கு நகரும். மங்கலைவிட நிற மாற்றம் கண்ணுக்கு எளிது. செல்போன் கேமராவில் படம் பிடித்துச் சிவப்பு, நீல அளவுகளைப் பிரித்தெடுக்கும் காகிதப் பட்டைகள் பலவும் இந்த வழியில்தான் போகின்றன.

நம்புவதற்கு முன் இன்னும் இரண்டு

ஐசிபி-எம்எஸ் தண்ணீரில் உள்ள பாதரசம் முழுவதையும் எண்ணும். ஒளிரும் துகளோ தன்னிடம் வந்து ஒட்டும் நிலையில் இருக்கும் அயனியை மட்டுமே பார்க்கும். மண் துகளோடு ஒட்டிய ஈயமும், மக்கிய பொருள்களோடு பிணைந்த செம்பும் அதன் கண்ணில் படாது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956 முதல் தெரியவந்த நரம்பு நோய்க் கொடுமைக்குக் காரணம் மீனில் சேர்ந்த மெத்தில் பாதரசம். சாதாரணப் பாதரச அயனிக்காகச் செய்த துகள் அதைத் தவறவிட வாய்ப்பு அதிகம். முதலில் அமிலத்தில் வேகவைத்து எல்லாவற்றையும் அயனியாக உடைத்துவிட்டுச் சோதிக்கலாம்தான். ஆனால் அப்போது கிணற்றடிச் சோதனை மறுபடியும் ஆய்வகச் சோதனை ஆகிவிடுகிறது.

இரண்டாவது, ‘உண்மையான மாதிரியில் சோதித்தோம்’ என்ற வரி. பெரும்பாலும் அதன் பொருள், உலோகமே இல்லாத குழாய்த் தண்ணீரில் தெரிந்த அளவு பாதரசத்தைத் தாங்களே விட்டு, அது சரியாகத் திரும்ப வருகிறதா என்று பார்த்தோம் என்பதுதான். 98 சதவீதம் வந்தது, 102 சதவீதம் வந்தது என்று அட்டவணை இருக்கும். தவறில்லை, அவசியமான சோதனைதான். ஆனால் தானாகவே கெட்டுப்போன ஆற்றுத் தண்ணீரில், சாயக் கழிவும் உப்பும் சேர்ந்து கிடக்கும் இடத்தில், அதே துகள் அதே எண்ணைச் சொல்லுமா என்பது வேறு பரீட்சை. ஒரு புதிய துகளைப் பற்றிப் படிக்கும்போது நான் முதலில் பார்ப்பது, அதே தண்ணீரை ஐசிபி-எம்எஸ்ஸிலும் அளந்து பக்கத்தில் எண்ணைப் போட்டிருக்கிறார்களா என்பதை.

நூறு கிணறுகளில் சந்தேகப்பட வேண்டிய பத்தைப் பிரித்தெடுக்க இந்தத் துகள்கள் உதவும். அந்தப் பத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லப் பெரிய கருவிதான் வேண்டும். உங்கள் கிணற்றுத் தண்ணீரை இந்த வாரமே பார்க்க வேண்டுமென்றால் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குப் போங்கள், பாட்டிலை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள். போகும்போது எந்தெந்த உலோகம் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். உப்பு, கடினத்தன்மை, கிருமி என்று பார்க்கும் வழக்கமான சோதனையில் பாதரசமும் ஈயமும் சேர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.